ரோஸுக்கு என்ன விலை?

என் செல்ல அம்மாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஓவர்லாக் தையல் மெஷின் சத்தம் கேட்காது என்று நினைக்கிறேன். இங்கே நம் முன்னறையில் இப்போது நான்கு மெஷின்கள் ஓடுகின்றன. நீ போன பிறகு அப்பா கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார். தெருவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீ கடைசியாகப் படுத்திருந்த கட்டில் கிடந்த இடத்தில் பனியன் பண்டல்களை அடுக்கி வைத்திருக்கிறோம்.

பள்ளி ஆண்டு மலருக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் எழுத வேண்டும் என்று தமிழம்மா சொன்னார்கள். "வீட்டு விலங்குகள்" என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே அது உனக்கு எழுதும் கடிதமாகிவிட்டது. பள்ளிக்கூடமே இதைப் படிக்கும். படிக்கட்டும். ரோஸைக் கொண்டுபோய் விடப் பார்த்த கதையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ரோஸ் யாரென்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக இந்தப் பத்தி. நீ கோபித்துக்கொள்ளாதே. சாயப்பட்டறைக் கால்வாயில் விழுந்து கத்திக்கொண்டிருந்த வெள்ளைக் குட்டியை நீதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி எடுத்தாய். வெளியே வந்தபோது அதன் உடம்பு முழுவதும் ரோஸ் நிறம். எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியும் சாயம் சீக்கிரம் போகவில்லை. போன பிறகும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பின்னங்காலில் ஏதோ மருந்து பட்டு வெந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை. அதைப் பார்க்கும் புது ஆட்கள் சொறிநாய் என்கிறார்கள். அது சொறி இல்லை என்று எத்தனை பேருக்கு விளக்கம் சொல்வது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நமக்கு ஜாப் ஒர்க் கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியின் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். சம்பள நாள், டெய்லர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர் கையில் கருநீலப் பனியன் ஒன்று. கழுத்துப் பட்டியோடு சேர்த்து ஒரு வெள்ளை முடி தைக்கப்பட்டிருந்தது. அதை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"ஏனுங்க மாஸ்டர், ஜெர்மனிக்காரன் பனியன் கேட்டானா, கம்பளி கேட்டானா?"

டெய்லர் ஒருவர் சிரித்துவிட்டார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மேனேஜர் வாசலில் படுத்திருந்த ரோஸைப் பார்த்தார்.

"இப்படி ஒரு சொறிநாய் வாசல்ல கெடந்தா, நாளைக்கு ஒரு பார்ட்டியக் கூட்டிட்டு வந்து காட்ட முடியுமுங்களா? நாய் வேணும்னா நல்ல ஜாதி நாயா ஒண்ண வாங்கிக் கட்டுங்க. தொழில் பண்றவன் ஊடு, தொழில் பண்றவன் ஊடு மாதிரி இருக்கோணுமில்லீங்க?"

பண்டல் முழுவதும் திரும்பி வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒவ்வொரு பீஸாகப் பிரித்துப் பார்த்தோம். நீ இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பாய். உன் கண்ணுக்குத் தப்பி ஒரு பிசிறு போனதுண்டா? எனக்கு மதியத்துக்குள் கண்ணெரிந்தது. நான் பார்த்து வைத்த பீஸ்களை அப்பா மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரமே பல்லடம் பஸ் ஏறிப் போனார். அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் அல்சேஷன் நாய்களும் வளர்த்துக் குட்டி விற்கிறாராம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். விலை என்ன என்று கேட்டேன். நம் டெய்லர்களில் இரண்டு பேருக்கு ஒரு மாதம் கொடுக்கும் சம்பளம். சாப்பிட்டுக்கொண்டே மற்றதையும் சொன்னார். தினம் பால், முட்டை. வாரத்துக்கு இரண்டு நாளாவது கறி. மூன்று தடவை ஊசி. வெயில் தாங்காது, அதனால் பகலில் ஃபேன். நம் வீட்டில் இருப்பதே மெஷின் பக்கத்து ஃபேன் ஒன்றுதானே அம்மா, அதை எந்தப் பக்கம் திருப்புவது?

"செலவுதான் கண்ணு. ஆனா அதுல ஒரு மருவாதி இருக்குது" என்றார் அப்பா. பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஊசியெல்லாம் போட்டு முடியற வரைக்கும் தெரு நாய் மூச்சுக்கூட குட்டி மேல படக்கூடாதாமா. சீக்கு வந்துருமாமா. ஞாயித்துக்கெழம குட்டி வருது. அதுக்கு முன்னால இத குண்டடம் பக்கம் கொண்டுபோயி உட்டுட்டு வந்தர்றேன்."

"குண்டடத்துல யாருங்கப்பா இருக்கறாங்க?"

"தோட்டங்காடு இருக்குது. ஆட்டுப்பட்டி இருக்குது. எவனாச்சும் ஒருத்தன் சோறு ஊத்துவான்."

"அங்க இருக்கற நாயெல்லாம் சேந்து கடிச்சே கொன்னுரும்ப்பா. ரோஸு என்ன பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணுல." அப்பா கை கழுவ எழுந்தார். "காசு குடுத்து வாங்குனதுக்கு ஒரு வெலை இருக்குது, அம்முணி. தானா வந்ததுக்கு என்ன வெலை?"

வகுப்பில் எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் கை தூக்குகிறவள் நான். இதற்குக் கை எழவில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய்?

நீ போனதிலிருந்து அப்பா ரோஸை நேராகப் பார்ப்பதில்லை. சோறு வைக்கச் சொல்வார், ஆனால் என்னிடம் சொல்வார். அது வாலாட்டிக்கொண்டு வந்தால் பண்டல் எடுக்கப் போய்விடுவார். அதைப் பார்த்தால் அவருக்கு உன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறதோ? அதனால்தான் குண்டடமோ? இதை அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தைரியம் வராதபோது நான் நூலகத்துக்குப் போவேன் என்று உனக்குத்தான் தெரியுமே. நாய்களைப் பற்றி ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அல்சேஷன் பக்கத்தைப் படித்தேன். ஓர் இடத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். அந்த நாய்க்கு வருடம் முழுவதும் முடி கொட்டுமாம். வருடத்தில் இரண்டு பருவம் கொத்துக் கொத்தாகக் கொட்டுமாம். அன்று மாலை ஓடிவந்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரோஸின் ஒரு முடிக்காக, வீடு நிறைய முடி கொட்டும் நாயை விலை கொடுத்து வாங்குகிறோமே என்றேன்.

அப்பா மெஷினை நிறுத்தவே இல்லை. "புக்கு எழுதுனவன் ஜாப் ஒர்க் பண்ணிப் பாத்தானா?" என்றார். டெய்லர்கள் இந்த முறை தைரியமாகச் சிரித்தார்கள்.

வகுப்பில் எல்லோரிடமும் கேட்டேன். "பொட்ட நாயா?" என்ற உடனே பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குட்டி போட்டுக்கொண்டே இருக்குமாம். அற்புதத்தை உனக்குத் தெரியும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒற்றை அறையில் குடியிருக்கிறார்களே, அவளிடமும் கேட்டேன். "ஏட்டி, எங்க வீட்டு ஓனரு பிள்ளைக எத்தனைன்னு எண்ணிப் பாத்துட்டுதான் எங்களையே உள்ள விட்டாரு. நாயைக் கொண்டு போனா என்னையத்தான் வெளிய விடணும்" என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்துவிட்டது. அப்பா மொபெட்டுக்குப் பெட்ரோல் ஊற்றி வைத்தார். கட்டிங் வேஸ்ட் வரும் சாக்குகளில் ஒன்றை உதறி, கயிற்றோடு வாசலில் போட்டார். ரோஸ் அந்தச் சாக்கை மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு மாராத்தா பெரியம்மாவிடம் போனேன். ரோஸை எருமைக் கொட்டகையில் வைத்துக்கொள்ளச் சொல்லி அழலாம் என்றுதான் போனேன். அவர் எருமைத் தொட்டியில் தவிட்டைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"வா அம்முணி. என்ற பொருளு உங்கொப்பன் ஊட்டுல நல்லா இருக்குதா?"

இது என்னைப் பற்றிய கேலி. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னை ஒரு முறத்தில் கிடத்தி, மாராத்தா பெரியம்மாவின் எருக்குப்பையில் வைத்தீர்களாம். அவர் "என்ற குப்பைல கெடந்த புள்ள" என்று தூக்கிக்கொண்டாராம். அப்புறம் அப்பா போய் ஒரு படி தவிடு கொடுத்து என்னை அவரிடமிருந்து வாங்கினாராம். இழந்தவர்கள் வீட்டில் அப்படி வாங்கிய பிள்ளை தங்கும் என்று நம்பிக்கை. சின்ன வயதில் இதைக் கேட்டு நான் அழுதபோது, "காசு குடுத்து வாங்குனா கடைக்காரன் இன்னொண்ணு குடுப்பான். தவுட்டுக்கு வாங்குனது ஒண்ணே ஒண்ணுதான்" என்றாயே.

நான் தவிட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழ வந்தது மறந்துவிட்டது.

"பெரியம்மா, ரோஸ நீங்க எனக்கு விப்பீங்களா?"

"உங்கூட்டு நாய நான் எப்பிடி விக்கறது?"

அதைத்தான் நானும் யோசித்தேன். ஒருவர் பொருளை இன்னொருவர் விற்க முடியாதுதான். அதனால் ரோஸ் முதலில் பெரியம்மாவின் குப்பையில் கிடக்க வேண்டும், அவர் வீட்டுச் சோறு தின்ன வேண்டும். அப்போது அது அவருடையது. விளக்கிச் சொன்னேன். அவர் தவிட்டுக் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? பொட்ட நாயத் தவுட்டுக்கு வித்தேன்னா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டுங்க பெரியம்மா."

"உங்கொப்பன் சிரிக்க மாட்டானே. எனக்கு அதுதான் வெசனம்." எருமையின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "செரி, கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணு. என்ற தவுட்டையே அள்ளி எனக்கே குடுத்து ஏமாத்தற வேலை ஆகாது. மில்லுல போயி வாங்கிட்டு வந்துரு."

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சாக்கோடு வாசலில் நின்று, "ரோஸு, ரோஸு" என்று கூப்பிட்டார். அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. ராத்திரியே நான் கொண்டுபோய்க் கட்டியிருந்த பெரியம்மாவின் கொட்டகையிலிருந்து அது குரைத்தது. அப்பா அங்கே வந்தார். நான் டிபன் பாக்ஸைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு பெரியம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"ஏனுங்க்கா, நாய் இங்க வந்துருச்சுங்களா?"

"எந்த நாயிங்க தம்பி? இது என்ற குப்பைல கெடந்துச்சு. என்ற சோத்தத் தின்னுருக்குது. இது என்ற நாயி."

"வெளையாடாதீங்க்கா. குட்டி வர்ற நேரமாச்சு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மொபெட் வந்து நின்றது. பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர். பின்னால், கோழிக்குஞ்சு கொண்டுபோகும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. அதற்குள்ளிருந்து மெல்லிய முனகல் கேட்டது. அவர் இறங்கிய உடனே ரோஸைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க மாஸ்டர், இது இன்னும் இங்கயே இருக்குது? குட்டிக்கு ஒரு ஊசிதானுங்க ஆயிருக்குது. அக்கட்டால கொண்டு போங்க மொதல்ல. அது போனாத்தான் நான் பெட்டியப் பிரிப்பேன்."

அப்பா சாக்கின் வாயை விரித்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"கையில என்ன?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. "தவுடுங்கப்பா."

"என்னது?"

"தவுடு. மில்லுல வாங்குனேன். தானா வந்ததுக்கு வெலை இல்லீன்னு சொன்னீங்கல்ல. அதனால பெரியம்மாகிட்ட இருந்து ரோஸ வாங்கிக்கறேன்."

பெரியம்மா கூடையை நீட்டிவிட்டார். கோழிப்பண்ணைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, உங்கூட்டுல நாய் யாவாரம் ஜோரா நடக்குதாட்டம் இருக்குதே! இது தவுட்டு நாயி, நம்முளுது அல்சேஷன். மாஸ்டருக்கு எது வேணும்னு நீங்களே பாத்துக்கங்க."

அப்பாவின் கழுத்து சிவந்தது. அடி விழப் போகிறது என்றுதான் நினைத்தேன். அப்பா என்னை அடித்ததே இல்லை, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். ரோஸ் கயிற்றை இழுத்துக்கொண்டு அவர் கையிலிருந்த சாக்கைப் பார்த்து வாலாட்டியது.

"சிரிக்காதீங்க" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. "இந்தப் புள்ளையவே நான் தவுட்டுக்குத்தானுங்க வாங்குனேன்."

கோழிப்பண்ணைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவரும் நம் பக்கத்து ஆள்தானே, அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அப்பா சாக்கைக் கீழே போட்டார். என் கையிலிருந்து டிபன் பாக்ஸை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்தார்.

"உனக்கு ஒரு படி குடுத்தேன்" என்றார். "இதுக்கு இது போதும்."

அவரே பெரியம்மாவின் கூடையில் தவிட்டைக் கொட்டினார். ஒட்டியிருந்ததையும் தட்டிக் கொட்டினார்.

"அப்ப இது?" என்று பெட்டியைத் தொட்டார் வந்தவர். "உங்கள நம்பி ரெண்டு பேருக்கு இல்லீன்னு சொல்லிட்டனுங்க. அட்வான்ஸு திரும்பாதுங்க மாஸ்டர்."

"வேண்டாமுங்க. குட்டியக் கவனமா ஒரு நல்ல எடத்துல குடுங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. பெட்டியின் ஓட்டை வழியாக அந்தக் குட்டி ஈர மூக்கை நீட்டியது. எனக்கு அதையும் பிடித்திருந்தது. அதன் மேல் என்ன தப்பு? அதற்கும் தன் விலை தெரியாதுதானே. மொபெட் தெரு முனையில் திரும்பும் வரை அந்த முனகல் என் காதில் இருந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அப்பா அன்று சிரிக்கவில்லை, என்னைத் தட்டிக் கொடுக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டிங் சாக்பீஸால் வாசலில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டத் தாண்டி அது உள்ள வரக்கூடாது. பண்டல்ல இன்னொரு முடி வந்துச்சுன்னா ஜாப் ஒர்க் போயிரும். ஜாப் ஒர்க் போச்சுன்னா நம்முளுக்குச் சோறு இல்ல. அப்பறம் தவுடுமில்ல, கிவுடுமில்ல. தெரிஞ்சுக்கோ" என்றார். தெரிந்துகொண்டேன். அட்வான்ஸ் போனதற்காக அந்த மாதம் அவர் வெளியில் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார் என்பதையும் தெரிந்துகொண்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு அப்பாதான் ரோஸைக் கூட்டிப்போனார். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் மதியம் வரை நின்று ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். "தெரு நாயிக்கு எதுக்குங்க ஊசி?" என்று யாரோ கேட்டார்களாம். அப்பா என்ன பதில் சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. நான் வாரத்துக்கு ஒரு நாள் ரோஸைக் குளிப்பாட்டுகிறேன். பள்ளிக்குப் போவதற்கு முன்னால், நீ செய்வது போல ஒவ்வொரு பீஸையும் உள்பக்கம் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். பண்டல் போகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்துவிடுகிறேன். தானாக வந்ததற்கு விலை இல்லை என்று அப்பா சொன்னாரே, அது அவ்வளவு சரியில்லை அம்மா.

முந்தாநாள் காலை, வெள்ளைப் பனியன் பண்டல் கட்டுவதற்கு முன்னால் அப்பா மேலே இருந்த பீஸை எடுத்தார். கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். நகத்தால் கிள்ளி எதையோ உருவினார். முடி. மெஷின்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. கோட்டுக்கு அந்தப் பக்கம் ரோஸ் தலையைத் தூக்கியது. நான் எழுந்து நின்றேன்.

அப்பா வாசல் வெளிச்சத்துக்குப் போனார். முடியை இரண்டு கை விரல்களுக்கும் நடுவில் இழுத்துப் பிடித்தார். அது நீண்டுகொண்டே போனது. கறுப்பாக, ஒரு முழத்துக்கு மேல். ரோஸைப் பார்த்தார். பிறகு என் சடையைப் பார்த்தார்.

"இது உன்றது, அம்முணி" என்றார். "உன்னைய எந்த ஊர்ல கொண்டுபோயி உடறது?"

சொல்லிவிட்டு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். அப்படியே குனிந்து கையை நீட்டி, நீ போன பிறகு முதல்முறையாக, ரோஸின் தலையைத் தடவினார்.

இனி சடையை மடித்துக் கட்டிக்கொண்டுதான் பண்டல் பக்கம் போவேன். ரோஸையும் தினம் சீவிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவேன். எங்கள் இரண்டு பேருடைய முடியில் ஒன்றுகூட ஜெர்மனிக்குப் போகாது. உன்மேல் சத்தியம், அம்மா.

உன் மகள்,
பூங்கொடி